ஆசைக்கு இன்னொரு டிகிரி: எக்ஸ்டேர்னலா, ஓப்பனா, மாஸ்டர்ஸா, லண்டனா?

முதலே சொல்லிப்போடுறன், இது ஏ.எல் (உயர்தரப் பரீட்சை) முடிச்சிட்டு எந்த கம்பஸுக்குப் போனா வேலை கிடைக்கும் என்டு தேடுற புள்ளைகளுக்கு இல்ல. ஏற்கனவே ஒரு டிகிரி கையில இருக்கு, ஸ்கூல்லயோ பேங்க்லயோ பிரதேச செயலகத்திலயோ ஒரு வேலையும் இருக்கு, ப்ரொமோஷனுக்கு இன்னொரு பட்டம் தேவையில்ல, ஆனா வரலாறு படிப்பமா, சட்டம் படிப்பமா, பாதியில விட்டுப்போன சயன்ஸத் திரும்பத் தொடுவமா என்டு மனசு கிடந்து அரிச்சுக்கொண்டே இருக்கு, அந்த வகை ஆக்களுக்குத்தான் எழுதுறன். எங்கட கிழக்கிலங்கைப் பக்கம் இந்த ஆக்கள் குறைவில்ல. அலுமாரிக்குள்ள மூணு பட்டச் சான்றிதழ வச்சிக்கொண்டு நாலாவதுக்கு அப்ளிகேஷன் நிரப்புறவங்க களுவாஞ்சிக்குடியிலயும் இருக்கிறாங்க அக்கரைப்பற்றிலயும் இருக்கிறாங்க, வெளியில சொல்றதில்ல அவ்வளவுதான், சொன்னா கேள்வி வரும்.

அந்தக் கேள்வி எல்லாருக்கும் தெரியும். கலியாண வீட்டுப் பந்தியில பக்கத்தில இருக்கிற மாமா, மறுகா என்ன படிப்பு மனே, சம்பளம் கூடுமா என்பார். இல்ல மாமா. வெளிநாடு போற யோசனையா? அதும் இல்ல. அப்ப என்னத்துக்கு? இதே மாமா இரவு பன்னெண்டு மணி வரைக்கும் கண் முழிச்சு ஐ.பி.எல் பார்ப்பார், அதுக்குக் காரணம் கேட்க ஒருத்தரும் இல்ல.

சரி, விசயத்துக்கு வருவம். டிகிரி சேர்க்கிறத உச்சத்துக்குக் கொண்டுபோன ஆக்கள் உலகத்தில இருக்கிறாங்க. அமெரிக்காவில மிச்சிகன் பக்கம் கலமசூவில மைக்கல் நிக்கல்சன் என்டு ஒருத்தர், 30க்குக் கிட்ட பட்டம், அதில 22 மாஸ்டர்ஸ். ஃபீஸ் கட்டுறதுக்காக யூனிவர்சிட்டிக்குள்ளயே பார்க்கிங் டிக்கட் எழுதுற வேலையும் செய்திருக்கிறார். பெஞ்சமின் போல்ஜர் என்டு இன்னொருத்தர், அவருக்கு டிஸ்லெக்சியா, வாசிக்கிறதே கஷ்டம், அவர்ட லிஸ்ட்லயும் மாஸ்டர்ஸ்தான் கூட. நான் இவங்கள இஞ்ச இழுக்கிறது புகழ் பாட இல்ல. அந்த லிஸ்டுகள்ல இளமாணி, அதாவது பச்சிலர்ஸ் பட்டம் ஒண்டு ரெண்டுதான், மிச்சத்தில பெரும்பாலும் முதுமாணி, அதாவது மாஸ்டர்ஸ். ஏன் அப்பிடி என்டு கணக்குப் போட்டுப் பார்த்தா எங்களுக்கும் பிரயோசனம் இருக்கு.

எங்கட நாட்டில எஸ்.எல்.கியூ.எஃப் என்டு ஒரு தகைமைச் சட்டகம் இருக்கு, 1ல இருந்து 12 வரைக்கும் லெவல். சாதாரண இளமாணி லெவல் 5, அதுக்கு 90 கிரெடிட். சிறப்புப் பட்டம் லெவல் 6, 120 கிரெடிட். பிஜி டிப்ளோமா, அதாவது பட்டத்துக்குப் பிறகு செய்யிற டிப்ளோமா, லெவல் 8, 25 கிரெடிட். ஆய்வு இல்லாத மாஸ்டர்ஸ் லெவல் 9, 30 கிரெடிட். ஆய்வோட செய்யிற மாஸ்டர்ஸ் லெவல் 10, 60 கிரெடிட். ஒரு கிரெடிட் என்டா 50 மணித்தியாலப் படிப்பு என்டு கணக்கு, லெக்சர், வாசிப்பு, அசைன்மன்ட், பரீட்சைக்குப் படிக்கிறது எல்லாம் சேர்த்து. அப்ப 90 கிரெடிட் டிகிரிக்கு 4500 மணித்தியாலம். வேலைக்குப் போய், புள்ளைகள டியூஷனுக்கு ஏத்தி இறக்கி, சனி ஞாயிறு வீட்டு வேலை பார்த்து வாற ஒரு மனுசனுக்கு கிழமைக்கு 12 மணித்தியாலம் படிக்க ஏலுமென்டா அது பெரிய விசயம். 4500ஐ 12ஆல பிரிச்சா 375 கிழமை, ஏழு வருசம் தாண்டிரும். மூணு வருசத்தில முடிக்கிறதென்டா கிழமைக்கு 29 மணித்தியாலம் வேணும், அது இன்னொரு வேலைக்குப் போற கணக்கு. அதே 12 மணித்தியாலத்தில 30 கிரெடிட் மாஸ்டர்ஸ் 125 கிழமையில முடியும், அதாவது ஒரு இளமாணிக்குப் போற காலத்தில மூணு முதுமாணி. நிக்கல்சன்ட ரகசியம் இதுதான். பிஜி டிப்ளோமா இன்னும் குறைய, 1250 மணித்தியாலம், ரெண்டு வருசம்.

கடதாசிக் கணக்குத்தான் இது, பாதிப் பேர் பாதி மணித்தியாலம்தான் படிக்கிறாங்க, பாஸும் ஆகிறாங்க. ஆனா சம்பளத்துக்கோ ப்ரொமோஷனுக்கோ இல்லாம ஆசைக்குப் படிக்கிறவர் குறுக்கு வழியில பாஸானா யாரை ஏமாத்தினது? அதனால நான் முழு மணித்தியாலத்தையும் வச்சுத்தான் யோசிக்கிறன்.

மணித்தியாலத்தோட சேர்த்து இன்னொரு கேள்வியும் முதல்லயே கேட்டுக்கொள்ளுங்க: நீங்க ஆசைப்படுற பாடம் தனிய ஒரு மேசையில புத்தகத்த வச்சு படிக்க ஏலுமான பாடமா, இல்லாட்டி பக்கத்தில ஒரு ஆளோ லெப்போ வாத்தியக் கருவியோ வேணுமா? வரலாறு, தமிழ் இலக்கியம், பொருளியல், சட்டத்தில பெரும் பகுதி எல்லாம் தனிய படிக்கலாம். இரசாயனவியல், சங்கீதம், புது மொழி ஒண்டு கதைக்கப் பழகிறது, இதெல்லாம் தனிய ஏலா. ஆக்கள் இந்தக் கேள்வியக் கேட்காம எங்க ஃபீஸ் குறைவு, எங்க பேர் பெரிசு என்டு பார்த்துப் போய் பதிஞ்சு போட்டு ரெண்டாவது வருசத்தில நிண்டிருவாங்க.

இப்ப ஒவ்வொரு வழியாப் பார்ப்பம். உள்வாரியா, அதாவது கம்பஸுக்குள்ளயே முழுநேரமா, திரும்ப ஒருக்கா வந்தாறுமூலைக்கோ (கிழக்குப் பல்கலைக்கழகம்) ஒலுவிலுக்கோ (தென்கிழக்குப் பல்கலைக்கழகம்) போறது பற்றிக் கேட்கிற ஆக்களும் இருக்கிறாங்க, அத உடனே விட்டிருங்க. ஏ.எல் ரிசல்ட் வச்சு ஒருக்கா உள்வாரியா பதிஞ்ச ஆளுக்கு அதே கதவு ரெண்டாம் தரம் திறக்கிறதில்ல, வேலையோட 80 வீதம் அட்டென்டன்ஸும் ஏலா. கல்லடியில விபுலானந்த அழகியல் கற்கைகள் நிறுவகம் சங்கீதம், நடனம், நாடகம், கட்புலக் கலை என்டு எல்லாம் படிப்பிக்குது, ஆசையா இருக்கும், அதும் உள்வாரி, முழுநேரம்.

எக்ஸ்டேர்னல், அதாவது வெளிவாரி. எங்கட பக்கம் ரெண்டாவது டிகிரி என்டாலே ஆக்களுக்கு முதல்ல வாயில வாறது இதுதான். பேராதனை, யாழ்ப்பாணம், கிழக்கு என்டு பல கம்பஸ் வெளிவாரிக்கு பதிஞ்சிருக்கு, ஆர்ட்ஸ், கொமர்ஸ், மனேஜ்மன்ட் பக்கம்தான் கூட. நல்ல பக்கம் என்னென்டா லெக்சருக்குப் போகாட்டியும் யாரும் தேட மாட்டாங்க, பெரும்போகம் விதைக்கிற மாசம் முழுக்க புத்தகத்தத் தொடாம வயலுக்குள்ள நிண்டிட்டு அறுவடை முடிஞ்சு வந்து உட்காரலாம். கெட்ட பக்கமும் அதேதான், யாரும் தேட மாட்டாங்க. பரீட்சை மட்டும்தான் உங்களையும் கம்பஸையும் இணைக்கிற கயிறு, அந்தப் பரீட்சையும் நினைச்ச திகதியில வராது. மூணு வருசம் என்டு தொடங்கி அஞ்சு ஆறு வருசத்துக்கு இழுபட்ட ஆக்கள் எங்கட ஊர்ல தாராளம், ரிசல்ட் வாறதுக்குள்ள அடுத்த பரீட்சைக்கு ஃபோர்ம் போட வேண்டி வந்த கதையும் கேட்டிருக்கிறன்.

வேலைக்காகச் செய்யிறவனுக்கு அந்தத் தாமதம் நட்டம். ஆசைக்குச் செய்யிற ஆளுக்கு பெரிய நட்டமில்ல, சொல்லப்போனா இன்னும் கொஞ்சம் வாசிக்கலாம். ஆனா எக்ஸ்டேர்னல்ல எனக்குப் பிடிக்காத விசயம் நோட்ஸ். டியூட்டரிக்காரர் பாஸ்ட் பேப்பரப் பார்த்து இந்த முறை இந்த எட்டுக் கேள்வி என்டு சொல்லி, அதுக்கு விடை எழுதி, ஃபோட்டோகொப்பிக் கடையில ஸ்பைரல் போட்டு வச்சிருப்பார். மஞ்சள் மட்டை, உள்ளுக்குள்ள எழுத்து பாதி மங்கல், பத்தாவது கொப்பியில இருந்து எடுத்த பதினோராவது கொப்பி, பக்கம் 34க்குப் பிறகு 36 வரும், ஆனா எல்லாரும் அதைத்தான் பாடமாக்கி எழுதுவாங்க. இலங்கை வரலாறு படிக்கணும் என்டு ஆசைப்பட்டுப் போன ஆள் ஒரு புத்தகம் கூட முழுசா வாசிக்காம பி.ஏ எடுத்திட்டு வரலாம். இந்த வழியில போறீங்க என்டா அந்த மஞ்சள் மட்டைய பரீட்சைக்கு முதல் மாசம் மட்டும் திறக்கிறது என்டு உங்களுக்கு நீங்களே ஒரு சட்டம் போட்டுக்கொள்ளுங்க.

அதே நேரம் எக்ஸ்டேர்னல் பரீட்சை ஹோல்ல பார்க்கிற ஆக்கள் இருக்கிறாங்களே, அது ஒரு தனி உலகம். முன் வரிசையில கம்பஸ் கிடைக்காத இருவது வயசுப் பொடியன், பக்கத்தில அரபு மதரசாவில ஓதி முடிச்ச மௌலவி, பின்னால பென்ஷன் எடுத்த டீச்சர் மூக்குக் கண்ணாடிய முந்தானையால துடைச்சுக்கொண்டு கேள்வித்தாள் வருமட்டும் முணுமுணுத்துப் பாடமாக்கிக்கொண்டு இருப்பா. 1981ல மட்டக்களப்பு பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்குமட்டும் கிழக்கில கம்பஸ் என்டே ஒண்டு இருக்கயில்ல, 1986லதான் அது முழுப் பல்கலைக்கழகம் ஆனது, ஒலுவில் வந்தது 1995, 96ல. நடுவில சண்டை. அந்தக் காலத்தில ஏ.எல்லோட நிண்டுபோன ஆக்கள், தொண்ணூறாம் ஆண்டு இடம்பெயர்ந்து படிப்ப விட்ட ஆக்கள், இப்ப புள்ளைகள் செட்டிலான பிறகு வந்து இருக்கிறாங்க. அவங்களப் பார்த்திட்டு டிகிரி சேர்க்கிறது வீண் பொழுதுபோக்கு என்டு சொல்ல எனக்கு வாய் வராது.

ஓப்பன், இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம். 1980ல தொடங்கினது, தலைமை நாவலையில, மட்டக்களப்பில பிராந்திய நிலையம் இருக்கு. இஞ்ச ஏ.எல் இல்லாட்டியும் ஃபவுண்டேஷன் செய்து உள்ள போகலாம், ஏ.எல்ல ஆர்ட்ஸ் செய்த ஆள் சயன்ஸ் பக்கம் போக ஆசைப்பட்டா அடியில இருந்து ஏற ஒரு படி இருக்கு, இது வேற இடத்தில லேசில கிடைக்காது. கோர்ஸ் கோர்ஸாப் பதிஞ்சு அதுக்கு மட்டும் காசு கட்டலாம், ஒரு வருசம் வீட்டில கலியாணம், சுகயீனம் என்டா குறைச்சுப் பதியலாம். பாடப் புத்தகமே தனியாப் படிக்கிற ஆளுக்கென்டு எழுதினது, நடுவில கேள்வி கேட்டு விடையும் தந்திருப்பாங்க.

ஆனா ஓப்பன்ல ஒரு பிடி இருக்கு, அது தொடர் மதிப்பீடு. அசைன்மன்ட், சின்ன டெஸ்ட் இதில குறிப்பிட்ட மார்க்ஸ் எடுத்தாத்தான் இறுதிப் பரீட்சைக்கு இருக்க விடுவாங்க, இல்லாட்டி அந்தக் கோர்ஸத் திரும்பப் பதியணும், திரும்பக் காசு. எக்ஸ்டேர்னல்காரன் மார்கழி வெள்ளத்தில வீட்டுக்குள்ள தண்ணி வந்தா புத்தகத்தப் பரணில ஏத்திட்டு சும்மா இருப்பான், ஓப்பன்காரனுக்கு அந்தக் கிழமையே அசைன்மன்ட் டியூ டேட்டா இருக்கும். சில பேருக்கு இந்தப் பிடி தலையிடி. எனக்கு இதுதான் ஓப்பன்ட பெறுமதி, ஏனென்டா ஆசைக்குப் படிக்கிற ஆளுக்கு வெளியில இருந்து வேற ஒரு நெருக்குதலும் இல்ல, மனேஜரும் கேட்க மாட்டார், அம்மாவும் கேட்க மாட்டா, ஒரு திகதி கேட்டாத்தான் உண்டு.

சட்டம் படிக்க ஆசை என்டா வேலையோட செய்ய எல்.எல்.பிக்கு ஓப்பன்தான் எங்கட பக்கத்துக்குச் சரி. தெரிவுப் பரீட்சை இருக்கு, போட்டியும் கூட. வழக்குத் தீர்ப்புகள் பெரும்பாலும் இங்கிலிஷ்ல கிடக்கும், அதுக்குத் தயாராப் போங்க. எல்.எல்.பி முடிச்ச உடனே கோர்ட்டுக்குப் போக ஏலா, சட்டக் கல்லூரிப் பரீட்சை, பயிற்சி எல்லாம் மறுகா இருக்கு, ஆனா ஆசைக்குச் செய்யிற ஆளுக்கு அது கவலையே இல்ல. காணி உறுதியில என்ன எழுதியிருக்கு என்டு தானே வாசிச்சு விளங்கினா எங்கட மாவட்டத்தில அதே ஒரு பெரிய லாபம், அம்பாறைப் பக்கம் காணி வழக்கு இல்லாத குடும்பம் தேடித்தான் பிடிக்கணும்.

சயன்ஸ் செய்யிறவங்க லெப் வேலைக்கு தூரம் போக வேண்டி வரலாம் என்டதக் கணக்கில எடுங்க. மட்டக்களப்பில இருந்து கொழும்புக்கு 300 கிலோமீட்டருக்கு மேல, இரவு ரயிலேறி விடிய இறங்கி லெப்புக்குப் போய்த் திரும்ப இரவு ரயில், திங்கள் காலையில ஒபிஸ். முப்பது வயசில செய்யலாம். அம்பது வயசில ஒரு லெப்புக்கு ரெண்டு நாள் இடுப்பு நோகும், லீவும் போகும்.

மாஸ்டர்ஸ், பிஜி டிப்ளோமா. மேல சொன்ன மணித்தியாலக் கணக்குப்படி இதுதான் மலிவு, காலத்தில. காசில இல்ல, இலவசக் கல்வி என்டது உள்வாரி இளமாணியோட நிண்டிரும், முதுமாணிக்கு நல்லாக் காசு கட்டணும். ஃபீஸ் வருசத்துக்கு வருசம் ஏறுது, நான் இலக்கம் போட்டா அடுத்த இன்டேக்குக்கு அது பிழைச்சுப் போகும், நேர கேட்டுக்கொள்ளுங்க, பதிவுக் கட்டணம், பரீட்சைக் கட்டணம், நூலக வைப்புப் பணம் எல்லாம் தனித்தனியா இருக்கா என்டதையும் சேர்த்துக் கேளுங்க. சனி ஞாயிறு லெக்சர் என்டபடியா கல்முனை, களுவாஞ்சிக்குடி ஆக்கள் விடிய பஸ் எடுத்து டவுணில மாறி வந்தாறுமூலைக்குப் போவாங்க. அக்கரைப்பற்று, நிந்தவூர் ஆக்களுக்கு ஒலுவில் பக்கம், அவங்களுக்கு அந்த அலைச்சல் இல்ல.

மாஸ்டர்ஸ்ல நல்ல விசயம் கூட இருக்கிற ஆக்கள். எல்லாரும் வேலை செய்யிற, ஏதோ ஒரு துறையில அடிபட்ட மனுசர், லெக்சரர் ஒரு தியரி சொன்னா பின்னால இருந்து ஒரு பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) எழும்பி எங்கட பிரிவில அது இப்பிடி நடக்கயில்ல சேர் என்பார், அந்தக் கதைக்காகவே போகலாம். கெட்ட விசயம், சம்பந்தமில்லாத துறையில நேர மாஸ்டர்ஸுக்குப் போனா அடி தெரியாது. கொடியேத்தமும் பார்க்காம திருவிழாவும் பார்க்காம தீர்த்தத்துக்கு மட்டும் மாமாங்கக் கோயிலுக்குப் போய் முழுகிட்டு வாற மாதிரி இருக்கும், முழுகினது உண்மை, ஆனா என்ன நடந்தது என்டு சொல்லத் தெரியாது. கொமர்ஸ் டிகிரி செய்த ஆள் ஒருத்தர் வரலாற்றில எம்.ஏ எடுத்திட்டு, போர்த்துக்கேயர் முதலா ஒல்லாந்தர் முதலா என்ட இடத்தில தடுமாறினதக் கண்டிருக்கிறன். அதால முற்றிலும் புதுத் துறைக்கு இளமாணி, ஏற்கனவே கொஞ்சம் தெரிஞ்ச துறைக்கு பிஜி டிப்ளோமா, இது என்ட கட்சி. டிப்ளோமாவுக்கும் ஆய்வு இல்லாத மாஸ்டர்ஸுக்கும் அஞ்சு கிரெடிட்தான் வித்தியாசம், பேரில கிடக்கிற கெத்துக்காக மாஸ்டர்ஸ் எடுக்கிறதென்டா எடுங்க, நான் தடுக்கல்ல.

லண்டன். லண்டன் யூனிவர்சிட்டி 1858ல இருந்தே வெளியில இருக்கிற ஆக்களுக்குப் பரீட்சை வச்சுப் பட்டம் குடுக்குது, எங்கட நாட்டில சொந்தப் பல்கலைக்கழகம் 1942லதான் வந்தது, அதுக்கு முதல் இஞ்ச இருந்து பட்டதாரியான கனபேர் லண்டன் பரீட்சை எழுதினவங்கதான்.

இதில எங்கட ஆள் ஒருத்தரச் சொல்லாமப் போனா சரியில்ல. காரைதீவில 1892ல பிறந்த மயில்வாகனம், பிறகு சுவாமி விபுலாநந்தர். 1916ல கொழும்பு டெக்னிக்கல் காலேஜ்ல சயன்ஸ் டிப்ளோமா, அதே காலத்தில மதுரைத் தமிழ்ச் சங்கத்தில பண்டிதர் பரீட்சை, பிறகு லண்டன் பி.எஸ்.சி, அதும் படிப்பிச்சுக்கொண்டே தனியப் படிச்சு. சயன்ஸும் பண்டிதரும் ஒரே ஆளுக்கு என்னத்துக்கு என்டு அப்பயும் ஒரு மாமா கட்டாயம் கேட்டிருப்பார். 1947ல யாழ் நூல் வந்தபோது அதுக்குள்ள சங்கத்தமிழும் இருக்கு, நரம்பு நீளத்துக்கும் சுருதிக்கும் கணக்கும் இருக்கு, ரெண்டுல ஒண்டு மட்டும் தெரிஞ்ச ஆளால அத எழுத ஏலா. எல்லாருக்கும் அப்பிடி நடக்கும் என்டு சொல்ல வரல்ல, அவர் ஒருத்தர்தான். ஆனா சம்பந்தமில்லாத ரெண்டு படிப்பு என்டு லேசில முடிவு கட்டாதீங்க.

இண்டைக்கு லண்டன் வழியில பிரச்சினை பவுண்ஸ். 2022 மார்ச்சில ரூபாய மிதக்க விட்டபோது 200 சொச்சத்தில நிண்ட டொலர் ரெண்டு மூணு மாசத்துக்குள்ள 360 அளவுக்குப் போனது, பவுண்ஸும் கூடவே ஏறினது, பாதிக் கோர்ஸில நிண்ட ஆக்களுக்கு மிச்ச ஃபீஸ் ஒரேயடியாப் பெருத்துப் போச்சு. வேலைக்குப் படிக்கிறவன் கடன் பட்டாவது முடிப்பான், பிறகு உழைச்சு அடைக்கலாம் என்ட நம்பிக்கை இருக்கு. ஆசைக்குப் படிக்கிறவன் வீட்டுக் காச எடுத்து பவுண்ஸ் ரேட்டில கட்டுறது எனக்குச் சரியாப் படல்ல. லொத்தர் விழுந்தா யோசிக்கலாம்.

அதோட டவுணில போர்ட் மாட்டி 12 மாசத்தில வெளிநாட்டு டிகிரி என்டு கூப்பிடுற இடங்கள் இருக்கு. ஒரு இடத்தில போய் எந்த யூனிவர்சிட்டி பட்டம் தருது என்டு கேட்டா மூணு தரம் கேட்டும் பார்ட்னர் யூனிவர்சிட்டி பார்ட்னர் யூனிவர்சிட்டி என்டே சொன்னாங்க, பேர் வரயில்ல, டீ மட்டும் வந்தது. பட்டம் தாற பல்கலைக்கழகத்த மானியங்கள் ஆணைக்குழு, அதான் யூ.ஜி.சி, அங்கீகரிக்குதா என்டு முதல்ல பாருங்க, அந்தப் பட்டத்த வச்சு நாளைக்கு இன்னொரு கோர்ஸுக்கு அப்ளை பண்ணினா உங்களத் திருப்பி அனுப்பாம இருக்க அது வேணும். டிகிரி சேர்க்கிற ஆளுக்கு இது முக்கியம், ஒரு செல்லாத பட்டம் நடுவில வந்தா அதுக்கு மேல கட்ட ஏலா. ஹோட்டல் ஹோல்ல தொப்பியும் கவுணும் போட்டு கௌரவ டாக்டர் குடுக்கிற கூட்டத்தப் பற்றி நான் ஒண்டும் எழுதல்ல, அது படிப்புக் கணக்கில வராது, போஸ்டர் கணக்கில வரும்.

பட்டமே இல்லாம படிக்கிறது இன்னொரு வழி. எம்.ஐ.டி 2001ல தன்ட பாடங்கள ஓப்பன் கோர்ஸ்வெயார் என்டு வெளியில விட அறிவிச்சது, கோர்செராவும் எட்எக்ஸும் 2012ல வந்தது, இந்திய ஐ.ஐ.டிகள்ட என்.பி.டி.இ.எல் பாடங்கள் சும்மா பார்க்கலாம். தமிழ் இலக்கியத்துக்கு தமிழ்நாடு அரசு 2001ல தொடங்கின தமிழ் இணையக் கல்விக்கழகம் இருக்கு, சான்றிதழ்ல இருந்து பட்டம் வரைக்கும் வச்சிருக்காங்க, பாடங்களும் நூலகமும் வீட்டில இருந்தே திறக்கலாம். ஒரு பாடம் உண்மையிலயே பிடிக்குதா என்டு ருசி பார்க்க இதவிட நல்ல வழி இல்ல. முடிக்கிறதுதான் பிரச்சினை, காசு கட்டாதது, திகதி கேட்காதது, மூணாவது வீடியோவோட நிண்டிரும்.

இதோட எங்கட பழைய பரீட்சைகளையும் ஆக்கள் மறந்திட்டாங்க. சங்கீதம், வீணை, பரதம் என்டா வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சை, தரம் தரமா ஏறி ஆறாம் தரம் முடிச்சா கலாவித்தகர். சைவ சித்தாந்தம் என்டா இளஞ்சைவப்புலவர், சைவப்புலவர் பரீட்சை. அரசாங்கச் சுற்றறிக்கையில இதுக்கு என்ன இடம் என்டதப் பற்றி ஆசைக்குப் படிக்கிற ஆள் கவலைப்படத் தேவையில்ல, அதுவும் போக ஊர்லயே ஒரு குரு கிடைப்பார், பின்னேரம் சைக்கிள்ல போய்ட்டு வரலாம். சங்கீதம் படிக்க ஆசைப்பட்டு டிகிரி தேடுற ஆளுக்கு நான் முதல்ல சொல்றது இதைத்தான்.

எல்லாத்தையும் வச்சுப் பார்த்தா என்ட தீர்ப்பு இப்பிடி வருது. தனியப் படிக்க ஏலுமான பாடம், வீட்டிலயோ வயல்லயோ நேரம் ஒரு ஒழுங்கில வராது, அப்பிடியான ஆளுக்கு எக்ஸ்டேர்னல். தனக்குத் தானே தவணை குடுத்துக்கொண்டே போற ஆளுக்கு எக்ஸ்டேர்னல் எடுக்கவே எடுக்காதீங்க, ஓப்பன். சட்டத்துக்கும், அடியில இருந்து தொடங்கிற சயன்ஸுக்கும் ஓப்பன். முதல் டிகிரியோட ஒட்டின துறை, கையில கொஞ்சம் காசு, சனி ஞாயிறு வீட்டில விடுவாங்க என்டா பிஜி டிப்ளோமா. லண்டன், பவுண்ஸ்ல சம்பளம் எடுக்கிற புள்ளை யாராவது கட்டினா மட்டும். எக்ஸ்டேர்னலா ஓப்பனா, ரெண்டுல ஒண்டு என்டு என்னைக் கட்டாயப்படுத்திக் கேட்டா ஓப்பனுக்குத்தான் கை தூக்குவன், காரணம் மேல சொன்னதுதான், அந்த அசைன்மன்ட் திகதி.

பதியிறதுக்கு முதல் ஒரு வேலை செய்யுங்க. அந்தக் கோர்ஸ்ட பாஸ்ட் பேப்பர் ஒண்ட எடுத்து, ஒரு கேள்விக்கு விடை எழுத என்னென்ன வாசிக்கணுமோ அத மட்டக்களப்பு பொது நூலகத்திலயோ உங்கட ஊர் நூலகத்திலயோ போய்த் தேடி, ஒரு மாசம் எடுத்து எழுதிப் பாருங்க. எழுதி முடிச்சா ஃபீஸக் கட்டுங்க. புத்தகமே எடுக்காம மாசம் போயிருந்தா உங்களுக்கு வேணும் என்டு நினைச்சது சான்றிதழ் மட்டும்தான், அதுக்கு ஏழு வருசம் கூட.

கடைசியா ஒரு சின்ன விசயம், டிகிரி கூடக் கூட கடதாசியும் கூடும். ஒவ்வொரு அப்ளிகேஷனுக்கும் முதல் பட்டத்திட சான்றிதழும் பெறுபேற்றுப் பத்திரமும் கேட்பாங்க, சில இடம் உங்கட பழைய கம்பஸ்ல இருந்து நேர அனுப்பச் சொல்லும், அதுக்கு மாசக்கணக்கு போகும், க்ளோசிங் டேட்டுக்கு முதல் கிழமை ஓடித் திரியாம முன்கூட்டியே போட்டு வையுங்க. ஜே.பிட்ட (சமாதான நீதவான்) போய் உறுதிப்படுத்தின கொப்பி நாலஞ்சு எப்பவும் ஃபைலுக்குள்ள கிடக்கட்டும். ஒரிஜினல லாமினேட் பண்ணிப் போடாதீங்க, பின்னால சீல் அடிக்க வேண்டி வந்தா எடுக்க மாட்டாங்க, ப்ளாஸ்டிக் உறையில போட்டு, வெள்ளம் வாற வீடென்டா மேல் தட்டில வையுங்க.